வாளும் குறியும்: ஜேர்மன் படைவாள்களின் மெய்ம்மையை நிர்ணயித்தல் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1. பிரச்சினையின் இயல்பு

பழம்பொருட் சந்தையில் ஒரு படைவாளின் விலையை நிர்ணயிப்பது யாது? எஃகின் தரம் என்று கூறமுடியாது. அதனிலும் தரமான எஃகு இன்று சமையலறைக் கத்தியிலேயே உண்டு. பயன்பாடு என்றும் கூறமுடியாது. குதிரைப்படையின் வாள் போர்க்களத்தில் தன் பயனை இழந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. அவ்வாள் 'மெய்யானது' என்ற நம்பிக்கையே அதன் விலைக்கு ஆதாரமாகின்றது. ஒரே வடிவமும் ஒரே நிறையும் கொண்ட இரு வாள்களுள் ஒன்று 1813ஆம் ஆண்டுப் போரிற் பிரசியக் குதிரைவீரன் ஒருவன் ஏந்தியதென்றும், மற்றையது அண்மைக்காலப் பிரதியென்றும் தெரியவந்தால், முன்னையதன் விலை பின்னையதன் விலையிலும் பன்மடங்காகிவிடுகின்றது. பயன்பெறுமதி ஏறத்தாழ முற்றாக மறைந்துவிட்ட ஒரு பண்டத்திலே பரிமாற்றப் பெறுமதி மட்டும் வளர்ந்துகொண்டு செல்லும் விசித்திரமான நிலை இதுவாகும்.

இத்துறையிற் சேகரிப்போர் ஆற்றியுள்ள பணியை நாம் இலகுவில் ஒதுக்கிவிடலாகாது. ஜேர்மன் வாள்களிற் காணப்படும் குறிகளையும் முத்திரைகளையும் ஒப்புநோக்கி, அட்டவணைப்படுத்தி, கால ஒழுங்கில் நிறுத்தியவர்களிற் பெரும்பாலோர் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே இருந்தவர்களே. ஆயினும் அவர்கள் எழுப்பிய வினா ஓர் எல்லையுடன் நின்றுவிட்டது. இந்த வாள் எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தது, எந்த அதிகாரியின் இடையில் தொங்கியது, எந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கியுள்ளது என்பனவற்றோடு அவர்களின் தேடல் நிறைவுறுகின்றது. இதனைச் செய்தவன் யார், அவன் எவ்வாறு வாழ்ந்தான், அவன் பெயர் ஏன் இதில் இல்லை என்ற வினாக்கள் எழுவதில்லை.

இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வது இதுதான்: ஒரு வாளின் மெய்ம்மையைக் காட்டும் சான்றுகள் யாவும் உண்மையில் உழைப்பின் சான்றுகளாகும். ஒவ்வொரு குறியும் ஏதோவொரு சமூக உறவின் பதிவு. எனவே மெய்ம்மையை நிர்ணயிக்கும் கலையை அதன் முடிவுவரை கொண்டுசெல்வோமாயின், அது தவிர்க்கமுடியாதவாறு உழைப்பின் வரலாற்றிலேயே சென்று முடியவேண்டும். ஏட்டுச்சுவடிகளின் பாடபேதங்களை ஆராய்ந்து மூலபாடத்தை நிர்ணயிக்கும் முறைக்கும் இதற்கும் உள்ள நெருக்கமே இலக்கிய மாணவரான நம்மை இப்பொருளின்பால் ஈர்த்தது. ஏட்டிற் போலவே எஃகிலும் எழுதியவன் ஒருவன், எழுதுவித்தவன் ஒருவன், பின்வந்து இடைச்செருகியவன் மற்றொருவன்.

2. சோலிங்கன்: உழைப்புப் பிரிவினையும் தொழிற்குழாமும்

ஜேர்மன் வாளின் வரலாறு பெருமளவுக்குச் சோலிங்கன் என்னும் நகரத்தின் வரலாறாகும். றைன் நதிக்குக் கிழக்கே, பெர்க் என்னும் சிற்றரசின் எல்லைக்குள், வூப்பர் ஆற்றங்கரையை அண்டிய மலைப்பாங்கான நிலத்தில் இந்நகரம் அமைந்திருந்தது. விறகுக் காடுகளும், சாணைச் சக்கரங்களைச் சுழற்றுவதற்கு ஏற்ற விரைந்த நீரோடைகளும் அங்கு இருந்தன. பெருஞ்சந்தை நகராகிய கொலோன் அணித்தே இருந்தது. இயற்கையின் கொடையும் வணிகத்தின் அண்மையும் ஒன்றுசேர்ந்த இடத்திற் கைத்தொழில் வேரூன்றியது.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது உழைப்புப் பிரிவினையின் தன்மையாகும். ஒரு வாளை ஒருவன் செய்தான் எனும் எண்ணம் பிற்காலக் கற்பனையே. சோலிங்கனில் அலகை அடிப்பவன் ஒருவன். அதனைப் பழுக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்துக் கடினமாக்குபவன் வேறொருவன். சாணை பிடிப்பவன் மற்றொருவன். பிடியும் கைகாப்பும் உறையும் பொருத்தி முடிப்பவன் இன்னொருவன். இப்பிரிவினை சட்டத்தாற் காக்கப்பட்டது. தோய்ச்சல் செய்வோரும் சாணை பிடிப்போரும் சேர்ந்த குழாம் 1401ஆம் ஆண்டிலும், வாளைத் துலக்கிப் பொருத்துவோரின் குழாம் 1412ஆம் ஆண்டிலும், வாட்கொல்லர் குழாம் 1472ஆம் ஆண்டிலும் உரிமைப் பட்டயம் பெற்றன. கத்தி செய்வோர் 1571ஆம் ஆண்டில் இவ்வரிசையிற் சேர்ந்தனர்.

இக்குழாம்கள் மூடுண்டவை. தொழில் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. உறுப்பினர் நாட்டைவிட்டு வெளியேறுவதில்லை, தொழிலின் நுட்பத்தை வெளியாருக்குக் கற்பிப்பதில்லை எனச் சத்தியம் செய்யவேண்டியிருந்தது. நிலமானிய அமைப்பிற் குடியானவன் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது போல, இங்கே கைவினைஞன் தன் கைத்திறனோடு பிணைக்கப்பட்டிருந்தான் எனலாம். அதே வேளையில் அக்குழாம் அவனுக்கு ஓரளவு பாதுகாப்பையும் அளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. காலப்போக்கில் வணிகன் குழாத்தின் மேலே எழுந்தான். மூலப்பொருளை முற்பணமாகக் கொடுத்து, முடிந்த பொருளைத் தானே பெற்று, தூரதேசச் சந்தைகளில் விற்ற வணிக மூலதனம், கைவினைஞனை அவனது பட்டறையிலேயே கூலியாளாக்கிற்று.

அலகிலே பொறிக்கப்பட்ட குறி யாருக்குரியது என்ற வினாவை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். குறி கொல்லனுடையது, பின்னர் படிப்படியாக வணிகனுடையது. வாளின் வெட்டும் ஓரத்தை உண்டாக்கிய சாணைக்காரனுக்கு அலகில் இடமில்லை. ஈரமான மணற்கல்லின்முன் குனிந்திருந்து, கல்லின் தூளையும் எஃகின் தூளையும் சுவாசித்து, நுரையீரல் நோயால் இளமையிலேயே இறப்பது சோலிங்கன் சாணைக்காரரின் தொழில்விதியாக இருந்தது. அவர்களின் குறி அலகிலன்று, அவர்களின் நெஞ்சுக்குள்ளேயே பொறிக்கப்பட்டது.

3. போலி என்பதன் பழமை

போலியைப் பழம்பொருட் சந்தையின் படைப்பாகக் கருதுவது வழக்கம். வரலாறு வேறுவிதமாகக் கூறுகின்றது. 9ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான ஐரோப்பிய வாள்களில் 'உல்ஃப்பேர்ட்' என்னும் பெயர் எஃகிற் பதிக்கப்பட்டுக் காணப்படுகின்றது. அவற்றுட் பலவற்றில் எழுத்துகள் இடம்மாறியும் விடுபட்டும் உள்ளன. சிலவற்றின் எஃகும் தாழ்ந்த தரத்தது. ஒரு பெயர் சந்தையில் மதிப்புப் பெற்றவுடனேயே அப்பெயர் திருடப்பட்டது என்பதற்கு இது மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று.

டான்யூப் கரையிலுள்ள பாசோ நகரத்து வாட்கொல்லர், ஓடும் ஓநாயின் உருவத்தை அலகிற் பதித்தனர். அவ்வோநாய் நன்கு விலைபோவதைக் கண்ட சோலிங்கன் கொல்லர் தாமும் ஓநாயைப் பதிக்கத் தலைப்பட்டனர். பிற்காலத்திற் சோலிங்கன் ஓநாயைக் கவ்காசிய மலைநாட்டுக் கொல்லர் பின்பற்றினர். இத்தாலியக் கொல்லனாகிய அந்திரேயா பெராராவின் பெயரும், ஸ்பானியத் தொலேதோ நகரத்துக் கொல்லரின் பெயர்களும் சோலிங்கனில் அடிக்கப்பட்ட அலகுகளிலே தாராளமாகப் பொறிக்கப்பட்டன. 16ஆம், 17ஆம் நூற்றாண்டு அலகுகள் சிலவற்றில் '1414' என்னும் இலக்கம் காணப்படுகின்றது. இதனை ஆண்டெனக் கொண்டு வாளின் வயதை இரு நூற்றாண்டுகள் முன்தள்ளியோர் பலர். அது காலத்தைக் குறிப்பதன்று. அலகுக்கு ஆற்றல் தரும் மந்திர எண்ணாக நம்பப்பட்டதென்பதே பொருத்தமான விளக்கமாகும்.

எனவே, 17ஆம் நூற்றாண்டுச் சோலிங்கன் அலகில் 'தொலேதோ' என்று இருப்பின் அது மெய்யானதா, போலியானதா? தொலேதோ வாள் என்ற வகையில் அது போலி. சோலிங்கன் வாள் என்ற வகையில் முற்றிலும் மெய். அன்றைய வணிகனின் பொய்யே இன்று அதன் மெய்ம்மைக்குச் சான்றாகின்றது. மெய், போலி என்பன பொருளுக்குள் உறையும் மாறாக் குணங்கள் அல்ல என்பதும், உற்பத்தி உறவுகளோடும் சந்தையோடும் பொருத்தியே அவற்றை விளங்கிக்கொள்ள இயலும் என்பதும் இதிலிருந்து புலனாகும்.

திறன் பெயர்ந்து சென்றபோது சிக்கல் மேலும் வளர்ந்தது. 1687ஆம் ஆண்டளவிற் சோலிங்கன் கைவினைஞர் சிலர் சத்தியத்தை மீறி இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஷொட்லி பிரிட்ஜ் என்னும் ஊரிற் சென்று குடியேறினர். 1730ஆம் ஆண்டிற் பிரெஞ்சு அரசு அல்சாசில் நிறுவிய கிளிங்கன்தால் படைக்கலத் தொழிலகம் சோலிங்கன் கைவினைஞரைக்கொண்டே தொடங்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரால் மலைப்பகுதியிலுள்ள ஸ்லாதௌஸ்த் தொழிலகத்துக்கும் அவர்கள் அழைக்கப்பட்டனர். கை ஒன்றாகவும் கொடி வேறாகவும் இருந்த இவ்வாள்களை 'ஜேர்மன்', 'பிரெஞ்சு', 'உருசிய' எனத் தேசிய அடைமொழிகளாற் பிரிப்பது அரசுகளின் வரலாற்றை எழுத உதவலாம்; உழைப்பின் வரலாற்றை எழுத உதவாது.

அலகு மட்டும் பெயர்ந்து சென்ற நிகழ்வும் உண்டு. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளிற் கடல்வழியாக இந்தியாவை அடைந்த ஐரோப்பிய அலகுகளுக்குத் தக்கணத்திலும் மராட்டியரிடையிலும் உள்நாட்டுப் பிடி பொருத்தப்பட்டது. அத்தகைய வாள் 'பிரங்கி' எனப்பட்டது. நம் வழக்கிலுள்ள பறங்கி என்ற சொல்லின் உடன்பிறப்பே இது. அவ்வலகுகளுட் சோலிங்கனில் அடிக்கப்பட்டனவும் இருந்தன. தஞ்சாவூர் அரண்மனைப் படைக்கலச் சாலையிலிருந்து வந்த கட்டாரிகளுள் ஐரோப்பிய அலகு பொருத்தப்பட்டனவும் உள்ளன. 1860களிற் பிரித்தானிய ஆட்சியாளர் அப்படைக்கலச் சாலையைக் கலைத்துப் பெரும்பகுதியை உடைத்தழித்தனர். எஞ்சியவை உலகின் அரும்பொருட் சாலைகளிற் சிதறின. அலகும் பிடியும் வேறுபட்ட இத்தகைய படைக்கலத்தைச் 'சேர்க்கைப் பொருள்' என்று தாழ்த்தும் சேகரிப்பாளன், இரு கண்டங்களின் உழைப்பு ஒன்றில் இணைந்த அரிய ஆவணத்தையே தாழ்த்துகின்றான்.

4. அரச முத்திரையும் வர்க்க முத்திரையும்

நெப்போலியனின் ஆதிக்கத்துக்குட்பட்ட பெர்க் பெருங்கோமகம் 1809ஆம் ஆண்டிற் குழாம்களைக் கலைத்தது. 1815ஆம் ஆண்டிற் சோலிங்கன் பிரசியாவின் பகுதியாயிற்று. குழாத்தின் கட்டும் போயிற்று. குழாத்தின் காப்பும் போயிற்று. கூலியைப் பணமாகக் கொடாது, விலையுயர்த்திய பண்டங்களாகக் கொடுக்கும் வழக்கம் தொழிலாளரை வாட்டியது. 1849ஆம் ஆண்டிலேயே பிரசிய அரசு அதனைச் சட்டத்தால் தடைசெய்தது.

அச்சட்டம் வெறும் கருணையின் விளைவன்று. 1848ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சோலிங்கன் வட்டாரத் தொழிலாளர், தம் கைத்தொழிலைக் கீழறுத்த வார்ப்பிரும்பு ஆலைகளைத் தாக்கினர். 1849ஆம் ஆண்டு மே மாதத்தில், அயலூரான கிரேஃப்ராத்திலிருந்த அரச படைக்கலச் சாலையைக் கைப்பற்றினர். அயல்நகராகிய பார்மெனிற் பிறந்த பிரெடரிக் ஏங்கெல்ஸ், அங்கு தொழிலாளர் கைப்பற்றிய தோட்டாப் பெட்டிகள் இரண்டைச் சோலிங்கனிலிருந்து எல்பர்பெல்ட் எழுச்சியாளரிடம் கொண்டுசென்றதைத் தாமே எழுதியுள்ளார். 1863ஆம் ஆண்டு செப்டெம்பரில் லசால் சோலிங்கனில் நடத்திய தொழிலாளர் கூட்டம் நகரத் தலைவரால் கலைக்கப்பட்டது. அதற்கெதிராக அவர் பிஸ்மார்க்குக்குத் தந்தியடித்தது அவ்வியக்கத்தின் உள்முரண்பாட்டையும் காட்டுகின்றது. பிரசிய அரசுக்கு வாள் செய்தவர்களே அவ்வரசுக்கெதிராகப் படைக்கலம் ஏந்தினர் என்பது வாள்களைப் பற்றிய விலைப்பட்டியல்களிற் காணக்கிடைக்காத செய்தியாகும்.

இதே காலத்தில் அலகின்மீது அரசின் முத்திரை உறுதியாக நிலைபெற்றது. பிரசியப் படைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அலகின் முதுகிற் கிரீடமும், அதன்கீழ் மன்னனின் பெயரின் முதலெழுத்தும், ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும் அடிக்கப்பட்டன. கைகாப்பிலும் உறையிலும் படைப்பிரிவு, அதன் உட்பிரிவு, படைக்கலத்தின் தொடரிலக்கம் ஆகியன பொறிக்கப்பட்டன. 1877ஆம், 1909ஆம் ஆண்டுகளின் விதிகள் இம்முறையை வரையறுத்தன. சாதாரண வீரனின் வாள் அரசின் சொத்து. அவனும் ஓர் இலக்கம், அவன் வாளும் ஓர் இலக்கம்.

அதிகாரியின் வாளோ வேறு வகையினது. அதனை அவன் தன் பணத்தில் வாங்கவேண்டும். ஆகவே பொதுவாக அதில் அரசின் ஏற்பு முத்திரை இராது. அதற்குப் பதிலாக விற்பனையாளரின் பெயரும், உரிமையாளனின் பெயரெழுத்துகளும், குலச்சின்னமும், அமிலத்தால் அரித்த அலங்காரமும், நீலமும் பொன்னும் ஏற்றிய அலகும் இருக்கும். 1889ஆம் ஆண்டுக் காலாட்படை அதிகாரி வாளின் பித்தளைக் கைகாப்பிற் பிரசியக் கழுகும், பிடியில் மன்னனின் பெயர்ச்சின்னமும் இடம்பெற்றன. கல்வியும் வசதியும் பெற்ற முதலாளி வர்க்கத்து இளைஞர் தம் சொந்தச் செலவில் ஓராண்டு பணியாற்றி ஒதுக்கப்படை அதிகாரியாகும் வாய்ப்பைப் பெற்றனர். இவ்வாறு பிரபுத்துவத்தின் சின்னமாகிய வாள் முதலாளி வர்க்கத்தின் மரியாதைச் சின்னமாகவும் மாறியது. நிலவுடைமையாளரும் ஆலை முதலாளிகளும் சமரசம் செய்துகொண்ட ஜேர்மன் பேரரசின் வர்க்கக் கூட்டை இதனிலும் துலக்கமாக ஒரு பொருளிற் காண்பது அரிது.

5. நிர்ணயிக்கும் முறைகள்

மேற்கூறிய வரலாற்றை அறிந்தவனுக்கே வாளின் மெய்ம்மையைச் சோதிக்கும் வழியும் தெரியும். முறைகளைச் சுருக்கமாக நோக்குவோம்.

முதலாவது, முத்திரைகளுக்கிடையிலான இசைவு. கிரீடத்தின்கீழ் வில்ஹெல்ம் மன்னரின் எழுத்து மட்டும் இருந்து ஆண்டிலக்கம் 55 எனக் காணப்படின், அது பொருந்தாது. முதலாம் வில்ஹெல்ம் 1861ஆம் ஆண்டிலேயே அரியணை ஏறினார். அலங்காரமான அதிகாரி வாளொன்றிற் சாதாரண வீரனின் படைக்கல இலக்கம் இருப்பினும் ஐயம் எழவேண்டும். வர்க்க வேறுபாட்டை அறியாத போலியாளன் தன் அறியாமையாலேயே அகப்படுகின்றான். கைகாப்பின் இலக்கமும் உறையின் இலக்கமும் வேறுபடின் அவை பின்னர் இணைக்கப்பட்டிருக்கலாம். எனினும் படைமுகாமிலேயே மாறியிருக்கவும் கூடும் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, பொருளும் தொழில்நுட்பமும். பாதரசத்திற் பொன்னைக் கரைத்துப் பூசி, தீயிற் காட்டி முலாமிடும் முறை 1840களின்பின் மின்முலாமுக்குப் படிப்படியாக இடம்விட்டது. அப்பழைய முறையிற் பாதரச ஆவி முலாமிடுவோரை மெல்லக் கொன்றது. எனவே முலாமின் தன்மையும் ஓர் உழைப்பாளியின் கதையைச் சொல்லும். செலுலோயிட்டுப் பிடி 1813ஆம் ஆண்டு வாளில் இருக்கமுடியாது. துருப்பிடியா எஃகின் ஒரு வகைக்குக் குருப் நிறுவனம் 1912ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றது; அத்தகைய எஃகாலான அலகு 1870ஆம் ஆண்டுப் போரைக் கண்டிருக்க நியாயமில்லை. ஊடுகதிர் ஒளிர்வுக் கருவியால் உலோகக் கலவையைச் சேதமின்றி அறியும் வசதியும் இன்று உண்டு. எனினும் கருவி உலோகத்தின் மேற்பரப்பையே கூறும். பழைய பித்தளையை உருக்கிப் புதிதாக வார்த்தவனை அது காட்டிக்கொடுக்காது.

மூன்றாவது, கைவேலையின் தடயங்கள். அலகின் வால் பிடிக்குள் ஊடுருவிக் குமிழின் உச்சியில் அடித்துப் பரப்பப்பட்டிருக்கும். அவ்விடத்திற் புதிய அராவற் கோடுகளோ புதிய பளபளப்போ தெரியின், வாள் கழற்றிப் பூட்டப்பட்டிருக்கின்றது என்பது தெளிவு. டமாஸ்கஸ் அலகெனப்படும், பல இரும்பு எஃகு அடுக்குகளை மடித்து அடித்த அலகில் அலைவரி உலோகத்தினூடே செல்லும். அமிலத்தால் வரையப்பட்ட போலி வரி மேற்பரப்போடு நின்றுவிடும்.

நான்காவது, எழுத்து. விலையை உயர்த்துவதற்கு இலகுவான வழி, மெய்யான ஆனால் வெறுமையான அலகில் ஒரு புகழ்பெற்ற படைப்பிரிவின் பெயரைப் பின்னாளிற் பொறிப்பதாகும். துருக்குழியின் உட்புறத்தையும் எழுத்தின் கோடு தொடர்ந்து அரித்திருப்பின், துரு முந்தியது, எழுத்து பிந்தியது. பழைய ஜேர்மன் எழுத்துமுறையில் 'ஸ்' ஒலிக்குச் சொல்லின் இடையில் நீண்ட வடிவும், இறுதியில் வளைந்த வடிவும் வழங்கின. அம்மரபை அறியாத இக்காலப் போலியாளன் இரண்டையும் மயக்கிவிடுகின்றான். இங்கே வாளறிஞனும் பாடவிமரிசகனும் ஒருவராகிவிடுகின்றனர்.

இந்நான்கு முறைகளையும் இணைத்து நோக்கும்போது ஓர் உண்மை வெளிப்படும். அழகோ, பழமைத் தோற்றமோ, விற்பவன் கூறும் குடும்பக் கதையோ சான்றாகா. உழைப்பு எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்டது, யார் மேற்பார்த்தார், யார் பணம் கொடுத்தார் என்பவற்றோடு இணைந்த தடயங்களே சான்றாகின்றன.

6. தராசுக் குறியின் கதை

முதலாம் உலகப்போரின்பின் 1919ஆம் ஆண்டு வேர்செய்ல்ஸ் உடன்படிக்கை ஜேர்மன் படையை ஓர் இலட்சம் பேருக்கு மட்டுப்படுத்தியது. வாளுக்கான கேள்வி வீழ்ந்தது. சோலிங்கன் கத்தி, கத்தரிக்கோல், சவரக்கத்தி என்பவற்றில் தங்கியது. கம்யூனிஸ்ட் கட்சி வலுவுடன் விளங்கிய தொழிலாளர் நகரமாகிய சோலிங்கனில் வேலையின்மை கடுமையாயிற்று. 1933இன்பின் நாஸி அமைப்புகளின் குத்துவாள் கட்டளைகளும், பெருகிவந்த படையின் அதிகாரி வாள் தேவையும் நிறுவனங்களுக்கு மீண்டும் உயிரூட்டின. பாசிசம் தொழிலாளரின் அமைப்புகளை அழித்துக்கொண்டே அவர்களின் கைகளுக்கு வேலை கொடுத்தது.

அக்காலத்து வாள்கள் கருத்துநிலையைச் சுமந்த பண்டங்களாகும். அணில் குறியைத் தாங்கிய ஐக்ஹோர்ன் நிறுவனம் பழைய தளபதிகளின் பெயரில் ஒரு வரிசையை விற்றது. புளூச்சர், ஷார்ன்ஹோர்ஸ்ட், சீற்றன் என்பன அவற்றுட் சில. 'புளூச்சர் வாள்' எனும்போது 1811ஆம் ஆண்டு மாதிரியான, பிரித்தானியரின் 1796ஆம் ஆண்டு வாளைத் தழுவிய, அலங்காரமற்ற இரும்புக் கைகாப்புடைய குதிரைப்படை வாளும் குறிக்கப்படலாம். 1930களின் சிங்கத்தலை அலங்கார வாளும் குறிக்கப்படலாம். நெப்போலியனுக்கெதிரான போரின் நினைவை நாஸி அரசின் அதிகாரிக்கு விற்ற இப்பெயரிடலை அறியாதவன் நூறாண்டுக்கு மேல் வழுக்கி விழுவான்.

இவ்விடத்தில் ஒரு குறியைத் தனியாக எடுத்துக்கொள்வோம். அலெக்சாண்டர் கோப்பெல் என்னும் பெயருடைய சோலிங்கன் நிறுவனம் 1821ஆம் ஆண்டில் யூதக் குடும்பமொன்றால் நிறுவப்பட்டது. தராசு அதன் குறி. பேரரசின் படைக்கு அது வாள்களும் துப்பாக்கிமுனைக் கத்திகளும் செய்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த குஸ்தாவ் கோப்பெல் நகரின் கௌரவப் பிரசையாக மதிக்கப்பட்டவர். 1936ஆம் ஆண்டில் நிறுவனம் அக்குடும்பத்தின் கையிலிருந்து பறிக்கப்பட்டது. ஆனால் தராசுக் குறி பறிபோகவில்லை. சந்தையில் அதற்கு மதிப்பிருந்தது. உரிமையாளரை விலக்கிய அரசின் படையதிகாரிகள், அவர்களின் தராசு பொறித்த படைக்கலங்களைத் தொடர்ந்து அணிந்தனர். குஸ்தாவின் மகன் கலாநிதி அலெக்சாண்டர் கோப்பெல் 1942ஆம் ஆண்டிற் தெரேசியென்ஸ்டாட்டுக்கு நாடுகடத்தப்பட்டு, அவ்வாண்டிலேயே அங்கு மாண்டார்.

1938ஆம் ஆண்டு யூலையிற் 'சோலிங்கன்' என்னும் பெயரைப் போலிகளிலிருந்து காக்கும் சட்டம் பிறந்தது. அதே ஆண்டு நவம்பரில் நாடெங்கும் யூதர் வேட்டையாடப்பட்ட இரவில், சோலிங்கனின் தொழிலாளர் பத்திரிகையில் எழுதிவந்த கம்யூனிஸ்டாகிய மக்ஸ் லேவன் தமது வீட்டிற் கொல்லப்பட்டார். நகரின் பெயருக்குக் காப்பளித்த அரசு நகரின் மக்களுக்குக் காப்பளிக்கவில்லை. பண்டத்தின் பெயர் மனிதனிலும் புனிதமாகும் நிலையைப் பண்ட வழிபாடு என மார்க்ஸ் விளக்கியதன் பொருளை இதனிலும் கொடூரமாக எடுத்துக்காட்ட இயலாது.

இன்று தராசுக் குறியுள்ள ஒரு வாள் சேகரிப்பாளனின் கைக்கு வரும்போது அவன் செய்வது யாது? குறியின் வடிவத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டு, 1936க்கு முந்தியதா பிந்தியதா என நிர்ணயித்து, விலையைக் குறிக்கின்றான். அவனுக்கு அவ்வாண்டு குறியின் ஒரு வேறுபாடு மட்டுமே. வரலாற்று மாணவனுக்கோ அது ஒரு கொள்ளையின் தேதி. அக்கொள்ளைக்கு வாள் தானே சாட்சி.

1945இன்பின் வாள்கள் வெற்றியாளரின் நினைவுப் பொருள்களாகக் கடல்கடந்தன. பின்னர் சந்தை விரிந்தது. போர்முடிவிற் பட்டறைகளில் எஞ்சிக்கிடந்த உண்மையான பிடிகளும் அலகுகளும் பிற்காலத்திற் பொருத்தப்பட்டு முழுமையான படைக்கலங்களாக விற்கப்பட்டன. உறுப்பு ஒவ்வொன்றும் மெய், முழுமை பொய். இந்தியாவின் டேராடூனில் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் சேகரிப்போருக்குமென வெளிப்படையாகவே பிரதி வாள்கள் செய்யப்பட்டு ஏற்றுமதியாகின்றன. அத்தகைய பிரதியை அமிலத்தாற் கறைப்படுத்திப் பழையதாக விற்பவன், இந்தியத் தொழிலாளியின் உழைப்பை மறைத்து, அதன்மேல் பிரசியக் குதிரைவீரனின் நிழலை ஏற்றுகின்றான். பொருளின் போலித்தன்மை என்பது இங்கு உழைப்பை மறைத்தலேயன்றி வேறில்லை.

7. முடிவுரை

சேகரிப்பு இயல்பாகவே பிற்போக்கானது என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. சேகரிப்பாளரும் மார்க்சியருமாகிய எடுவார்ட் பூக்ஸ் பற்றி வால்ற்றர் பெஞ்சமின் 1937ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை, சேகரிப்பும் வரலாற்றுப் பொருள்முதல்வாதமும் சந்திக்கக்கூடும் என்பதற்குச் சான்றாகும். ஆயினும் அச்சந்திப்பு தானாக நிகழ்வதன்று. வீரனின் புகழையும் மன்னனின் சின்னத்தையும் வழிபடும் சேகரிப்பு, எத்துணை நுட்பமாக முத்திரைகளை வாசித்தாலும், போர்வெறியின் ஏக்கத்துக்கே ஊழியம் செய்யும். நாஸிக் காலத்துப் படைக்கலங்களுக்கு இன்று நிலவும் ஆர்வத்தில் இவ்வபாயம் வெளிப்படையாகவே தெரிகின்றது.

சோலிங்கனிலேயே இதற்கு மாற்றான போக்கொன்றையும் காண்கின்றோம். 1849இல் தொழிலாளர் படைக்கலச் சாலையைக் கைப்பற்றிய கிரேஃப்ராத்தில், முன்னைய கன்னியர் மடக் கட்டடத்தில் இன்று ஜேர்மன் அலகு அரும்பொருட் சாலை இயங்குகின்றது. அதே நகரத்தில் 1986ஆம் ஆண்டில் மூடப்பட்ட ஹென்றிக்ஸ் அடிப்புப் பட்டறையும், வூப்பர் கரையின் பழைய நீர்ச்சக்கரச் சாணைப் பட்டறைகளும் காட்சிக்குரியனவாகப் பேணப்படுகின்றன. முன்னையதில் வாள் உண்டு. பின்னையவற்றில் அவ்வகை உழைப்பின் இடம் உண்டு. இரண்டையும் ஒன்றாக வைத்து வாசிப்பவனே ஒரு வாளை முழுமையாக வாசித்தவனாவான்.

ஒரு வாளின் மெய்ம்மையை நிர்ணயிப்பவன் இதுவரை நான்கு வினாக்களைக் கேட்டுவந்தான்: எக்காலத்தது, எவ்விடத்தது, எப்படையினது, எந்நிறுவனத்தது? ஐந்தாவதொன்றை அவற்றோடு சேர்க்கவேண்டும் என்பதே நமது வாதம்: இதிற் பெயர் பொறிக்கப்படாதவர் யார்? குனிந்திருந்த சாணைக்காரனும், பாதரச ஆவியை உண்ட முலாம்காரனும், தராசைப் பறிகொடுத்தவனும், பெயரற்ற டேராடூன் தொழிலாளியும் அவ்வினாவுக்குள் அடங்குவர். அவர்களை விட்டுவிட்டு வழங்கப்படும் மெய்ச் சான்றிதழ் எதுவாயினும், அது பாதி மெய்க்கே சான்றாகும்.